முடியின் நிறம்: கருப்பு

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு மூக்கு மேல கோபம் வரும். இது நடந்து நாலு மாசம் ஆயிடுச்சு. இன்னும் அந்த டாக்டர் மூஞ்சியை நினைச்சா எனக்குப் பத்திக்கிட்டு வருது. அதனால சொல்லச் சொல்ல குரல் கொஞ்சம் ஏறும், பொறுத்துக்கோங்க.

எனக்குத் தாடி வளரும். ஆமா, தாடிதான். பூனை முடி, மெல்லிய ரோமம்னு நாசூக்காச் சொல்றவங்க சொல்லிக்கட்டும். முகவாய்க்குக் கீழ, தாடை ஓரமா, ரெண்டு பக்கமும். பையன் பிறந்ததுக்கு அப்புறம் ஆரம்பிச்சுது. ஹார்மோன்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க. மாத்திரைல உடம்பு ஊதிச்சு, தாடி அப்படியே இருந்துச்சு. அன்னையிலேர்ந்து இருபத்திரண்டு வருஷம், தினம் காலைல அஞ்சு மணிக்கு எழுந்து, பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுட்டு, லைட்டைக்கூடப் போடாம, மேல இருக்கிற சின்ன ஜன்னல்ல வர்ற வெளிச்சத்துல, விரலால தடவித் தடவி ஷேவ் பண்ணுவேன். வீட்டுக்காரருக்குத் தெரியாது. பையனுக்குத் தெரியாது. கூடப் பொறந்தவளுக்கே தெரியாது.

என் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கறார்னு கேட்டா சிரிப்பீங்க. அச்சகத்துல பிழை திருத்துறார். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கிற வேலை. ஒரு ஒற்றுப்பிழை இருந்தா அடுத்த பக்கத்துலேர்ந்தே மோப்பம் பிடிச்சுடுவார். கல்யாணப் பத்திரிகையைக் கையில குடுத்தா, வாழ்த்துறதுக்கு முன்னாடி 'க்' விட்டுப்போச்சேன்னு சொல்ற ஆள். அந்த மனுஷனுக்குப் பொண்டாட்டி மூஞ்சியில தாடி முளைக்கிறது தெரியல. தெரியாம நான் பார்த்துக்கிட்டேன். காலைல அரை மணி நேரம் பாத்ரூம்ல என்ன பண்றேன்னு ஆரம்பத்துல ஒரு தடவை கேட்டார். வயிறு சரியில்ல, மலச்சிக்கல்னு சொல்லிட்டேன். அன்னையிலேர்ந்து வாராவாரம் பப்பாளி வாங்கிட்டு வருவார். எனக்குப் பப்பாளி பிடிக்காது. அதையும் சொல்லல.

என் வேலை பெயிண்ட் கடையில கலர் கலக்கிறது. எல்லாரும் என்னை ஷேட் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. சுவர்லேர்ந்து பேர்ந்த ஒரு சில்லைக் கொண்டு வந்து, 'இதே கலர்ல ரெண்டு டப்பா வேணும்'பாங்க. மெஷின் ஒரு கணக்குச் சொல்லும். அதை நம்பிக் கலக்கினா சுவர் இளிக்கும். நான் சில்லை விளக்குப் பெட்டிக்குள்ள வெச்சுப் பார்த்து, ரெண்டு சொட்டு மஞ்சள், அரைச் சொட்டு கருப்புன்னு சரி பண்ணுவேன். எங்க கடையில வெள்ளை மட்டுமே பதினோரு வகை. பதினொண்ணையும் தூரத்துல நின்னே சொல்லுவேன். பெருமைக்குச் சொல்லல. பின்னாடி நான் பண்ணின முட்டாள்தனம் எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குத் தெரியணும், அதுக்குத்தான் சொல்றேன்.

இருபது லிட்டர் டப்பாவைத் தூக்கித் தூக்கி வலது தோள்ல தசைநார் கிழிஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணணும்னாங்க. தேதி கிடைக்கவே எட்டு மாசம்னாங்க. சரின்னேன். அப்புறம் அந்த எலும்பு டாக்டர் சொன்னதுதான் என் தலையில இடி.

"ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு வாரம் வலது கையை உடம்போட சேர்த்துக் கட்டிடுவோம்மா. பொத்தான் போடக்கூட ஒரு ஆள் வேணும். வீட்ல யார் இருக்கா?"

என் நாத்தனார் இருக்கா. விஷயம் தெரிஞ்ச அன்னைக்கே, "அண்ணி, ஆறு வாரமும் நான் வந்து உங்களைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கறேன்"னு ஃபோன் பண்ணிட்டா. நல்லவதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அவ வாயில ஒரு சேதி விழுந்தா சாயங்காலத்துக்குள்ள சொந்தக்காரங்க அத்தனை பேர் வீட்டுக்கும் போயிடும். இடது கையால ஷேவ் பண்ணிப் பார்த்தேன், ரத்தம் வந்ததுதான் மிச்சம். ரெண்டு நாள் விட்டாலே தாடை கரகரங்கும். ஆறு வாரம்! இருபத்திரண்டு வருஷமா மூடி வெச்சது என் நாத்தனார் கண்ணு முன்னாடி சாவகாசமா வளரப் போகுதுன்னு நினைச்சப்போ எனக்குச் சோறு இறங்கல. எட்டு மாசத்துக்குள்ள இந்தத் தாடியை ஒழிச்சாகணும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒண்ணுதான்.

அப்படித்தான் அந்த லேசர் கிளினிக்குக்குப் போனேன். பஸ் ஸ்டாப்புல பெரிய போர்டு வெச்சிருந்தாங்க. வழவழன்னு ஒரு பொண்ணு கன்னத்துல கை வெச்சுச் சிரிச்சா. அவளுக்கு முடி இருந்திருக்கவே இருந்திருக்காது, அது வேற விஷயம்.

முன்னாடி உட்கார்ந்திருந்த ஆலோசகர் அம்மா ஒரு அட்டையில படிவத்தைச் செருகிக் குடுத்தா. ஒவ்வாமை உண்டா? இல்லை. கர்ப்பமா? இந்த வயசுலயா, இல்லை. சாப்பிடற மாத்திரை? ஒண்ணுமில்லை. முடியின் நிறம்?

கருப்புன்னு எழுதினேன். ஒரு வினாடிகூட யோசிக்கல. முடின்னா கருப்பு, அதுல கேள்வி என்ன? பேருக்கு நேரா பேர் எழுதற மாதிரி எழுதினேன். என் தலைக்குப் பன்னெண்டு வருஷமா மாசாமாசம் டை அடிக்கிறேன், அதுகூட அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வரல.

டாக்டர் வந்தார். சின்ன வயசு, பளபளன்னு ஷூ. படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கல, படிவத்தைப் பார்த்தார். "நல்ல கேஸ். ஆறு தடவை வந்தாப் போதும்"னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார். ஒரு டீ ஆறுற நேரம்கூட ஆகல.

"மேடம், ஒவ்வொரு தடவையும் முதல் நாள் ஷேவ் பண்ணிட்டு வாங்க. பிடுங்கக்கூடாது, ஷேவ் மட்டும். முடி வெளிய தெரியக்கூடாது"ன்னா ஆலோசகர் அம்மா.

ஷேவ் பண்றதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா? நானும் மழமழன்னு போனேன்.

மெஷின் பிடிச்சது ஒரு சின்னப் பொண்ணு. லேசர் பொண்ணுன்னே வெச்சுக்கோங்க. நல்ல பொண்ணு, பொய் சொல்லக்கூடாது. எனக்கு ஒரு கருப்புக் கண்ணாடி, அவளுக்கு ஒரு பச்சைக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, "லேசர் கருப்பைத் தேடிப் போகும்க்கா. முடியில இருக்கிற கருப்பு அந்த வெளிச்சத்தைக் குடிச்சுச் சூடாகும். சூடு வேர் வரைக்கும் இறங்கி வேரைச் சாகடிச்சுடும்"னு அழகா விளக்கிச் சொன்னா. எனக்கு ஒரே குஷி. கருப்பு பெயிண்ட் அடிச்ச இரும்புக் கதவு வெயில்ல எப்படிக் கொதிக்கும்னு எனக்குத் தெரியாதா? சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கோம்னு நினைச்சேன்.

ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டற மாதிரி சுளீர் சுளீர்னு வலிக்கும். முதல் ரெண்டு தடவை முடி பொசுங்கற வாடை லேசா வந்துச்சு. அப்புறம் குறைஞ்சுது. ஆறாவது தடவை வாடையே இல்ல.

"பார்த்தீங்களாக்கா, வாடையே வரல. அப்படின்னா பொசுங்க முடியே இல்லைன்னு அர்த்தம். செம முன்னேற்றம்"னா அந்தப் பொண்ணு. "இன்னும் ரெண்டு வாரத்துல மிச்சம் மீதி இருக்கிறதும் தானா விழுந்துடும்."

அதைக் கேட்டுட்டு அன்னைக்கு பஸ்ல வரும்போது எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கு. தப்பிச்சோம்டா சாமின்னு நினைச்சேன்.

மறுநாள் காலைல அஞ்சு மணிக்குத் தடவிப் பார்த்தா விரலுக்குக் கரகரங்குது. விழப்போற முடின்னு ஷேவ் பண்ணினேன். அதுக்கு மறுநாளும் கரகரங்குது. ரெண்டு வாரம் இப்படியே போச்சு. விழற முடி இப்படியா தினம் தவறாம டூட்டிக்கு வரும்?

ஒரு திங்கக்கிழமை காலைல தோள் பிடிச்சுக்கிச்சு. கையைத் தாடை வரைக்கும் தூக்க முடியல. அன்னைக்கு ஷேவ் பண்ணல. பெயிண்ட் கடையில முகக்கவசம் போடறது வழக்கம்தான், யாரும் ஒண்ணும் கேட்கல. வீட்ல கலர்த்தூள் ஒத்துக்காம இருமல்னு சொல்லி அங்கேயும் போட்டுக்கிட்டேன். ராத்திரி போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். புதன்கிழமை மத்தியானம் முதலாளி வெளிய போயிருந்தப்போ கலவை அறைக் கதவைச் சாத்தினேன். மூணு நாள் தாடி. சில்லு பார்க்கிற விளக்குப் பெட்டியைப் போட்டு, கைக்கண்ணாடியை வெச்சுக்கிட்டு, முகத்தை அதுக்குள்ள நீட்டினேன்.

வெள்ளை.

அத்தனையும் வெள்ளை. மஞ்சள் ஓட்டம் இல்ல, சாம்பல் ஓட்டம் இல்ல, பதினோரு வகையில முதல் வகை. எப்போ நரைச்சுதோ, எனக்கு எப்படித் தெரியும்? இருபத்திரண்டு வருஷமா இருட்டுல, விரலால தடவிப் பார்த்தவ நான். என் தாடியை வெளிச்சத்துல நான் பார்த்ததே இல்ல. இருந்த கொஞ்சம் கருப்பு முதல் ரெண்டு தடவையில பொசுங்கிப் போயிருக்கு. மிச்சம் நின்னது அத்தனையும் நரை. கருப்பைத் தேடிப் போற லேசர் இதுல எதைத் தேடும்? வாடை வராதது முன்னேற்றமாம்! பொசுங்கறதுக்குக் கருப்பு இருந்தாத்தானே வாடை வரும்!

அந்த அறையிலயே ஒரு டப்பாவை எட்டி உதைச்சேன். நல்லவேளை, மூடி இருந்துச்சு. ஆபரேஷனுக்கு இன்னும் பத்தொம்போது நாள்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிட்டு கிளினிக்குக்குப் போனேன். வேணும்னேதான் ஷேவ் பண்ணல. வெள்ளைக்கான ஷேட் கார்டையும் எடுத்துப் பையில வெச்சுக்கிட்டேன். கூடத்துல எட்டு பத்துப் பொம்பளைங்க உட்கார்ந்திருந்தாங்க. ஆலோசகர் அம்மா என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம், அடுத்த பேக்கேஜ் பத்திப் பேசலாமா"ன்னு பல்லைக் காட்டினா. முகக்கவசத்தைக் கழட்டி அவ மேஜை மேல வெச்சேன்.

"இது என்ன கலர்னு சொல்லு."

திருதிருன்னு முழிச்சா. "மேடம், ரூமுக்குள்ள போய்ப் பேசலாமே."

"ரூமுக்குள்ள ஆறு தடவை வந்தாச்சும்மா. அங்க யாரும் பார்க்கல. இங்கயே சொல்லு."

"இது... கொஞ்சம் நரைச்ச மாதிரி இருக்கு. அதுக்கென்ன மேடம், டை அடிச்சுட்டு வாங்க, லேசர் எடுத்துக்கும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பெயிண்ட் கடைக்காரிகிட்ட வந்து மேல்பூச்சு பத்திப் பாடம் நடத்துறா! "ஏம்மா, சுவர் மேல கலர் அடிச்சா செங்கல்லும் சிமெண்டும் அந்தக் கலருக்கு மாறிடுமா? டை மேலதான் நிக்கும். வேர் உள்ள இருக்கு. சாக வேண்டியது வேர். மேல கருப்பைப் பூசிக்கிட்டு வந்தா என் தோல்தான் வேகும். உன் வாயில வந்ததையெல்லாம் மருந்துச் சீட்டா எழுதிடுவியா? கூப்பிடு டாக்டரை!"

என் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும்னு என் வீட்டுக்காரர் சொல்வார். அன்னைக்கு டாக்டர் கூப்பிடாமலே வந்துட்டார். பின்னாடியே லேசர் பொண்ணும் வந்து நின்னா. டாக்டர் என் தாடையைப் பார்த்தார். அப்புறம் கம்ப்யூட்டர்ல என்னத்தையோ தேடி, என் படிவத்தை எடுத்துத் திரையைத் திருப்பிக் காட்டினார். முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அதைத்தான் என்னால மறக்க முடியல.

"அம்மா, நீங்களே கருப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

என் கையெழுத்துதான். கொட்டை எழுத்துல, தப்பில்லாம எழுதியிருக்கேன். கலரைச் சொல்லிப் பொழைக்கிறவ, சொந்த முகத்துக் கலரைத் தப்பா எழுதியிருக்கேன். வெட்கமா இருந்துச்சு, உண்மை. ஆனா வெட்கம் வந்த வேகத்துலயே அதுக்கு மேல கோபம் ஏறிடுச்சு.

"எழுதினேன் தம்பி. நான் எழுதினா? நான் டாக்டரா, நீங்க டாக்டரா? என் கடைக்கு ஒருத்தர் வந்து வெள்ளை பெயிண்ட் குடுங்கன்னா நான் எடுத்துக் குடுத்துடுவேனா? எந்த வெள்ளை, எங்க அடிக்கப் போறீங்க, சுவர்லேர்ந்து ஒரு சில்லைக் கொண்டு வாங்கன்னு கேட்பேன். நாலு நாள்ல உரியற பெயிண்ட்டுக்கு நான் சில்லு கேட்கறேன். நீங்க மனுஷி முகத்துல நெருப்பு வைக்கறீங்க, ஒரு முடியைக் கண்ணால பார்க்கணும்னு தோணலையா?"

"ஷேவ் பண்ணிட்டு வந்தா எப்படிம்மா நாங்க பார்க்கறது?"

"ஷேவ் பண்ணிட்டு வரச் சொன்னது யாரு?"

டாக்டர் ஆலோசகர் அம்மாவைப் பார்த்தார். ஆலோசகர் அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தா. கம்ப்யூட்டர் யாரைப் பார்க்கும்?

"முதல் தடவை மட்டும் ரெண்டு நாள் வளர்த்துக்கிட்டு வாங்கன்னு சொல்ல உங்களுக்கு வாய் வலிச்சுதா? வந்தவுடனே ஷேவ் பண்ணச் சொல்றது, அப்புறம் படிவத்தைப் பார்த்துச் சுடறது. நீங்க எனக்கு லேசர் வைக்கல தம்பி, அந்தக் காகிதத்துக்கு வெச்சிருக்கீங்க."

அப்போதான் லேசர் பொண்ணு மெல்ல வாயைத் திறந்தா. "சார், வெள்ளை முடிக்கு இந்த மெஷின் வேலை செய்யாதுன்னு எங்க பயிற்சியிலயே சொன்னாங்க. அக்காவுக்கு வெள்ளைன்னு எனக்குத் தெரியாது. வாடை வராதப்போ நான் சந்தேகப்பட்டிருக்கணும். மன்னிச்சுடுங்கக்கா." அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. அந்த இடத்துலயே மன்னிப்புன்னு கேட்ட ஒரே ஆள் அவதான், அவளுக்குத்தான் அங்க இருக்கிறதுலயே குறைஞ்ச சம்பளமா இருக்கும்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "நரைச்ச முடிக்கு ஊசி முறை ஒண்ணு இருக்கும்மா. ஒவ்வொரு முடியா வேருக்குள்ள மெல்லிய ஊசியை விட்டு மின்சாரம் குடுக்கணும். எந்தக் கலரா இருந்தாலும் போகும். நாங்க பண்றதில்ல. பண்ற இடம் சொல்றேன். என்ன, ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்."

"எனக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கு."

"எதுக்கு?"

எதுக்குன்னு அவர்கிட்ட நான் சொல்லல. எட்டு மாசத்துக்கு முன்னாடியே இந்த ஊசியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாதித் தாடியாவது போயிருக்கும். அவர் அன்னைக்கு அரை நிமிஷம் என் முகத்தைப் பார்க்காம மிச்சம் பிடிச்சார். அந்த அரை நிமிஷத்துல என் எட்டு மாசம் போச்சு.

நான் திரும்பினப்போ ஓரத்துல உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து நின்னாங்க. என்னை விடப் பத்து வயசு மூத்தவங்க. தலையில ஒரு நரை தெரியாது, அப்படி ஒரு டை. "நானும் கருப்புன்னுதான் எழுதினேன்மா"ன்னாங்க. பக்கத்துல இருந்தவ, "நானும்தான்"னா. பின்னாடி யாரோ, "என் படிவத்தைக் காட்டுங்க"ன்னு சத்தம் போட்டாங்க. ஆலோசகர் அம்மாவைச் சுத்தி ஒரு கூட்டம் கூடிடுச்சு. நல்லா மாட்டிக்கட்டும்னு விட்டுட்டு வெளிய வந்தேன்.

வந்த வேகத்துல தலைகால் புரியல. மனசுக்குள்ள அந்த டாக்டரை இன்னும் நாலு கேள்வி கேட்டுக்கிட்டே பஸ் ஏறினேன். கண்டக்டர் ஒரு மாதிரிப் பார்த்தார், நான் முறைச்சேன். எதிர் சீட்டுக் குழந்தை என்னையே பார்த்துச்சு, அது அம்மா அதோட தலையைத் திருப்பினா. இறங்கி, தெருமுனைக் கடைக்காரரைத் தாண்டி, மாடி ஏறி, வீட்டுக் கதவைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து மேஜையில உட்கார்ந்திருந்தார்.

என் முகக்கவசம் அந்த ஆலோசகர் மேஜை மேலயே இருந்துச்சு.

அவர் தட்டுலேர்ந்து கையை எடுத்தார். என் தாடையைப் பார்த்தார். பிழை திருத்தும்போது ஒரு வரியில நிப்பார் பாருங்க, அப்படி நின்னுட்டார். நான் கையால மூடப் போனேன், வலது தோள் விடல.

"என்ன இது?"

சொன்னேன். எல்லாத்தையும் கொட்டிட்டேன். லேசர், படிவம், டாக்டர், இருபத்திரண்டு வருஷம், அஞ்சு மணி. பாதி சொல்லும்போதே அவர் முகம் மாறிட்டே வந்துச்சு.

"அப்போ பப்பாளி?"

நான் குனிஞ்சு செருப்பைக் கழட்டினேன்.

"கிளினிக்லேர்ந்து இப்படியேவா வர்ற?"

"ஆமா."

"எதுல வந்த?"

"பஸ்லதான்."

"கண்டக்டர் பார்த்தாரா?"

"பார்த்திருப்பார்."

"முனைக் கடைக்காரர்?"

"பார்த்திருப்பார். அதுக்கு இப்போ என்ன?"

"ஒண்ணுமில்ல"ன்னார். தட்டை எடுத்துக்கிட்டு எழுந்தார். "டாக்டர், அந்தப் பொண்ணு, கண்டக்டர், கடைக்காரர், எல்லாரும் பார்த்ததுக்கு அப்புறம்தான் நானு. வரிசையில எனக்கு எத்தனையாவது இடம்னு யோசிக்கறேன்."

அவர் குரலை உயர்த்தவே இல்ல. என் முகத்தை யாரும் ஒழுங்காப் பார்க்கலன்னு கிளினிக்கையே ரெண்டாக்கிட்டு வந்தேன். பார்க்க வேண்டிய மனுஷனுக்கு நான்தானே கதவைத் தாழ் போட்டேன். அது அப்போதான் எனக்கு உறைச்சுது.

அதுக்கு அப்புறம் ரெண்டு வாரம் சாப்டியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான் பேச்சு. நான் வழக்கம் போல அஞ்சு மணிக்கு எழுந்து வலியோட ஷேவ் பண்ணினேன். தாழ் மட்டும் போடல. அவர் வரல. ஆபரேஷனுக்கு முதல் நாள் அவர் ஃபோன்ல பேசறது காதுல விழுந்துச்சு. "நீ வர வேண்டாம்மா. நான் ஆறு வாரம் லீவு போட்டுட்டேன். இல்ல, கோபமெல்லாம் இல்ல. வேண்டாம்னா வேண்டாம், விடு." நாத்தனார்கிட்டதான் பேசியிருக்கார். என்கிட்ட ஒண்ணும் சொல்லல.

ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது நாள். வலது கை மார்போட கட்டிக் கிடக்கு. ஆறு கட்டில் வார்டு. தாடை கரகரங்குது. காலைல அவர் ஒரு பையோட வந்தார். கட்டிலைச் சுத்தித் திரையை இழுத்தார். பையிலேர்ந்து அவரோட ரேசர், சோப்பு, துண்டு எல்லாத்தையும் எடுத்து வெச்சார். மக்குல குழாய்த் தண்ணி பிடிச்சுட்டு வந்து என் முன்னாடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நுரையைத் தடவிட்டுக் கீழேருந்து மேலே இழுத்தார்.

"முடி போற திசையில இழுங்க. எதிர்ல இழுத்தா எரியும்"னேன்.

"முப்பது வருஷமா நான் இப்படித்தான் பண்றேன்."

"அதனாலதான் உங்க கழுத்து பூரா கொப்புளம்."

அவருக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டார். மேலேருந்து கீழே இழுத்தார். எங்கேயும் வெட்டல. ஒரு பக்கம் முடிஞ்சுது. ரேசரை மக்குல அலசினவர், விரலைத் தண்ணிக்குள்ளயே வெச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டார்.

"தினம் அஞ்சு மணிக்கா?"

"ஆமா."

"குளிர்காலத்துலயும்?"

"தாடிக்குக் குளிர்காலம் உண்டா?"

"நான் எழுந்திருக்கிறப்போ பாத்ரூம் ஹீட்டர் எப்பவும் அணைஞ்சுதான் இருக்கும். நான்தான் போடுவேன்."

"போட்டா டொம்முன்னு சத்தம் வரும். நீங்க முழிச்சுக்குவீங்க."

அவர் மெதுவா எழுந்தார். முகம் சிவந்து போச்சு. ரெண்டு வாரமா அடக்கி வெச்சிருந்தது அத்தனையும் அப்போதான் வெளிய வந்துச்சு.

"இருபத்திரண்டு வருஷமும் பச்சைத் தண்ணியிலயா?"

வார்டே அதிர்ந்துச்சு. அவருக்கு இப்படி ஒரு குரல் இருக்குன்னு எனக்கே தெரியாது. "ஒரு சத்தத்துக்குப் பயந்தா? நான் முழிச்சா என்னடி? முழிச்சா என்ன பண்ணிடுவேன் உன்னை?"ன்னு கத்திக்கிட்டே மக்கைத் தூக்கினார், திரையை ஒரே இழுப்புல விலக்கிட்டு வெளிய போனார். தாழ்வாரத்துல நர்ஸ்கிட்ட சுடுதண்ணி எங்க கிடைக்கும்னு சண்டைக்குப் போற மாதிரிக் கேட்டுட்டிருந்தது எனக்குக் கேட்டுச்சு.

அஞ்சு கட்டில்காரங்களும் என்னையே பார்த்தாங்க. ஒரு கன்னம் மழமழன்னு, இன்னொரு கன்னத்துல நுரைக்கு நடுவுல வெள்ளைத் தாடி. திரையை இழுத்து மூட இடது கை சும்மாதான் இருந்துச்சு. நான் மூடல.